அல்சூர் மாடி வகுப்பில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

பெங்களூரு கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் 11 வருடமாக ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். கன்னடமும் உருதுவும் கடையில் உட்கார்ந்தே வந்துவிட்டன. ஆங்கிலத்தில் மட்டும் சின்னச் சின்னச் சொற்கள் காலை வாரின. ‘டேக் இட் இன்’ என்றால் இடுப்பில் பிடிக்கணும். ‘டேக் இட் அப்’ என்றால் நீளத்தைக் குறைக்கணும். ‘லெட் இட் அவுட்’ என்றால் தையலைப் பிரித்து லூஸ் விடணும். ‘லெட் இட் டவுன்’ என்றால் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கணும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு பெண் போனில் சொன்னபோது ‘டேக் இட்’டுக்கு அப்புறம் வந்த ‘இன்’னைத் தவறவிட்டேன். இடுப்பில் பிடிக்கவேண்டிய கவுனை 4 விரல் வெட்டிவிட்டேன். அது அவளுடைய அம்மா போட்டிருந்த கவுன். கூலி வாங்கவில்லை, ஆனாலும் வெட்டின துணி திரும்ப வருமா? அந்த வாரமே இந்த மாதிரி ஆங்கிலச் சொற்றொடர்கள் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்தேன்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, ஒரு வீட்டின் மாடி. ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை, 6 வாரம், 2,400 ரூபாய். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நம்ம தமிழ்க்காரர்.

முதல் நாள் சார் பலகையில் எழுதியது தமிழ். ‘அவன் அவளைக் கைவிட்டான்’, ‘அவன் அவள் கையை விட்டான்’. இரண்டும் ஒன்றா என்று கேட்டார். வகுப்பே அமைதியாகிவிட்டது. கை என்ன, விடு என்ன என்று தனித்தனியாகப் பார்த்தால் கைவிடுதல் பிடிபடாது. கிவ் அப் (விட்டுவிடுவது), புட் ஆஃப் (தள்ளிப்போடுவது) எல்லாம் அந்த ஜாதிதான், சேர்த்துத்தான் படிக்கணும் என்றார். இத்தனை வருடம் டேக், புட் என்று ஒற்றைச் சொல்லாகப் பொருள் தேடி அலைந்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் வரிசை. துணியின் பெயரைச் சொன்னால் எந்தப் பக்கமும் வைக்கலாம்: டேக் இன் த டிரெஸ், டேக் த டிரெஸ் இன். இட், தெம், ஹிம் வந்தால் நடுவில்தான். ‘டேக் இன் இட்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். சார் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இட் என்பது ஏற்கெனவே பேசிய பொருள், அதில் அழுத்தம் விழாது. அழுத்தம் வாங்குவது இன், அவுட், அப். அதனால் முடிக்கும் இடம் அவற்றுக்கு. பெயர் நீண்டுபோனால், அதாவது ‘நேற்று கொண்டுவந்த நீலக்கரைப் பாவாடை’ மாதிரி வந்தால், இன்னை டேக்கோடு ஒட்டிவைத்துப் பாவாடையைக் கடைசியில் சொல்வதுதான் நல்லது. இப்போது போனில் இட் காதில் விழுந்தாலே அதற்கு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படி நடுவில் பிரியாதவையும் உண்டு. லுக் ஆஃப்டர் ஹிம் (அவனைப் பார்த்துக்கொள்) என்பதில் ஹிம் நடுவில் போகாது. சில இடத்தில் வரிசை மாறினால் பொருளே மாறும். ‘சீ த்ரூ ஹிம்’ என்றால் அவன் வேஷம் புரிந்துவிட்டது. ‘சீ ஹிம் த்ரூ’ என்றால் கஷ்டத்தில் அவனுக்குக் கடைசிவரை துணை நிற்பது. என்னுடைய டேக் இன்னுக்கே ஏமாற்றுவது, அடைக்கலம் கொடுப்பது என்று வேறு பொருள்களும் இருக்கின்றன. இதெல்லாம் சொல்லித்தந்த மூன்றாவது வாரம் ஒன்றுக்கே கொடுத்த பணம் சரி.

ஆனால் கடைசி இரண்டு வாரம் மனசுக்கு ஒப்பவில்லை. அகரவரிசையில் 120 சொற்றொடர் உள்ள தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். எது பிரியும், எது பிரியாது என்று அதில் ஒரு குறிகூட இல்லை. வகுப்பில் 20 பேர். நான் வாய் திறந்து பேசியது ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். காதால் கேட்டுப் பழகவேண்டிய விஷயத்துக்கு இது போதாது. சாரிடம் நேரிலேயே சொன்னேன். அடுத்த பேட்ச்சில் ஆளைக் குறைக்கிறேன் என்றிருக்கிறார்.

கடை, பார்லர், ரிசப்ஷன் என்று நாள் முழுக்க ஆட்களிடம் பேசுகிறவர்கள் தயங்காமல் சேரலாம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட இன்னும் வராதவர்கள் அதை வேறெங்காவது படித்துவிட்டு வரட்டும். நான் அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுவந்து, பிரிகிறவற்றுக்கு மட்டும் மார்க்கிங் சாக்பீஸால் கோடு போட்டு மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். டிராப் ஆஃப், பிக் அப், ட்ரை ஆன் எல்லாம் தினமும் காதில் விழுகின்றன. 31 கோடு ஆகிவிட்டது.