சர்வசமய காலண்டர்: சுவருக்குச் சரி, டியூட்டி சார்ட்டுக்கு?

பல மதத்தவர் சேர்ந்து வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிகளுக்கென்று விற்கப்படும் சர்வசமய காலண்டர்கள் இரண்டு ரகம். ஒன்று சுவரில் மாட்டும் அச்சுக் காலண்டர். மற்றொன்று சந்தா கட்டி அலுவலக மெயிலோடு இணைத்துக்கொள்ளும் மின்காலண்டர். வாழ்த்து சொல்ல எதுவானாலும் போதும். வார்டில் டியூட்டி போடுகிறவருக்கு எது உதவும் என்பதுதான் இங்கே கேள்வி.

வாங்குமுன் 2026 பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 17 சீனப் புத்தாண்டு, 18 சாம்பல் புதன், 18 அல்லது 19 ரமலான் தொடக்கம். அச்சுக் காலண்டர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒரே அளவு எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு குட்டிப் படத்தோடு முடித்துவிடும். டியூட்டி சார்ட்டில் மூன்றும் மூன்று விதம். சீனப் புத்தாண்டில் குடும்பம் கூடிச் சாப்பிடுவது முந்தின இரவு. ஆகவே 16 மாலைக்கும் லீவு கேட்பார்கள். சாம்பல் புதனுக்குப் பெரும்பாலும் திருப்பலிக்குப் போய்வர நேரம் கிடைத்தால் போதும். ரமலானோ 29 அல்லது 30 நாள். நோன்பிருப்பவருக்குத் தினமும் சூரியன் மறையும் நேரத்தில் கால் மணி இடைவேளை வேண்டும். அந்த நேரத்தில் ஹேண்ட்ஓவர் (அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளின் பொறுப்பை ஒப்படைப்பது) விழுந்தால் நோன்பு திறப்பதும் தள்ளிப்போகும், ஹேண்ட்ஓவரும் அரைகுறையாகும். தினசரி மறைவு நேரம் காட்டும் மின்காலண்டர் இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. ஊர் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு ரகமும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. யூதர்களுக்கும் பஹாய் மதத்தவர்களுக்கும் நாள் தொடங்குவது முந்தின மாலை. 2026-இல் யூதர்களின் விரத நாளான யோம் கிப்பூர் செப்டம்பர் 21 என்று கட்டத்தில் இருக்கும். விரதம் தொடங்குவது 20 மாலை. 21-க்கு லீவு கொடுத்துவிட்டோம் என்று சார்ட் போடுகிறவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். 20 மதிய ஷிப்டில் ஏறி இரவு இறங்குகிறவர் மாட்டிக்கொள்வார். சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் இருந்தவரை 21 இரவே நைட் டியூட்டிக்குக் கூப்பிடுவதும் சரியில்லை. ஒரு தேதிக் கட்டம், உண்மையில் மூன்று ஷிப்ட். 'முந்தின மாலை முதல்' என்று அச்சடிக்காத காலண்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஈத் இன்னும் சிக்கல், பிறையைப் பொறுத்தது. கணக்குப் போட்ட ஒரே தேதியைத் திட்டவட்டமாக அச்சடிப்பது தப்பு; 'ஒரு நாள் முன்பின் ஆகலாம்' என்ற குறிப்பு அவசியம். சார்ட் போடும்போது இரண்டு தேதியையும் விண்ணப்பத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டு நாளுக்கும் மாற்று ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள்; பிறை தெரிந்த இரவில் ஒரு மெசேஜில் காரியம் முடிந்துவிடும்.

போன வருட சார்ட்டை அப்படியே காப்பியடிப்பவர்களுக்கு ஈஸ்டர் ஒன்றே போதும். 2025-இல் மேற்கத்திய, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் இரண்டும் ஏப்ரல் 20-இல் சேர்ந்து வந்தன. 2026-இல் ஏப்ரல் 5, 12 எனப் பிரிகின்றன. 2027-இல் மார்ச் 28, மே 2. தீபாவளிக்கும் இது பொருந்தும்: 2024-இல் சிலருக்கு அக்டோபர் 31, சிலருக்கு நவம்பர் 1. இரண்டையும் காட்டும் காலண்டரே தேவலை.

மின்காலண்டரில் கவனிக்க வேண்டியது இணைக்கும் முறை. ஐசிஎஸ் ஃபைலை (காலண்டர் தேதிகள் அடங்கிய ஃபைல்) இறக்கி உள்ளே போட்டால், பின்னால் தேதி மாறினாலும் உங்களிடம் பழைய தேதியே நிற்கும். லிங்க் வழியாகச் சந்தாவாக இணைத்தால்தான் திருத்தம் வந்து சேரும். எல்லா மதத்தையும் ஒருசேர டிக் செய்தால் திரை நிரம்பி, முக்கியமானது கண்ணில் படாமல் போகும். அதற்காக ஊழியரின் மதத்தைக் கேட்டுப் பட்டியல் போட வேண்டாம், பெயரை வைத்து ஊகிக்கவும் வேண்டாம். 'அடுத்த மூன்று மாதத்தில் உங்களுக்கு எந்தத் தேதி, எந்த ஷிப்ட் முக்கியம்?' என்று எல்லோரிடமும் ஒரே படிவத்தில் கேளுங்கள். வருகிற தேதிகளை வைத்து டிக் செய்தால் போதும்.

கடைசிப் பக்கத்து 'மதவாரிக் குறிப்பு'தான் இரண்டிலும் மட்டம். 'இந்துக்கள் சைவம்' என்ற பாணியில் ஒரே வரி. விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கேப்ஸ்யூல், ஆல்கஹால் கை சுத்திகரிப்பான், முழங்கைக்குக் கீழே துணி கூடாது என்ற விதி ஆகிய மூன்றும்தான் வார்டில் அன்றாடம் எழும் கேள்விகள். இவற்றைப் பற்றி ஒரு சொல்கூடக் காணோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுகாதார வழிகாட்டி, மத, பண்பாட்டு அம்சங்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பகுதியை பிரிண்ட் எடுத்து, காலண்டரின் கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்டிவிடலாம்.