உரியும் பெயின்ட்டைக் களைய எது நல்லது: ஆல்கஹாலா, சோப்புக் கரைசலா, டெட்டாலா?

பிளாஸ்டிக் மினியேச்சர் உருவங்களில் பெயின்ட் செதில் செதிலாக உரியத் தொடங்கினால், அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசிச் சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். உரிந்த ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். பக்கத்துப் பெயின்ட்டும் தோல்போல எழுந்து வருமானால், பூச்சு எங்குமே பிடிக்கவில்லை என்று பொருள். அச்சிலிருந்து உருவம் எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய வழுவழுப்புப் பொருள் கழுவப்படாமல் இருந்திருக்கலாம், பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சான பிரைமர் விடுபட்டிருக்கலாம், விரல் பிசுக்கு படிந்த பரப்பின் மேல் அப்படியே பூசியிருக்கலாம். அத்தகைய அடித்தளத்தின் மேல் எத்தனை முறை பூசினாலும் புதிய பெயின்ட்டும் பழையதோடு சேர்ந்தே உரியும். வாளின் நுனி, அங்கியின் விளிம்பு போன்ற கைபடும் இடங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் அது வேறு கதை. அதற்குத் தொட்டுப் பூசுவதே போதும்.

திரவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று அறிந்துகொள்ள வேண்டும். ஒட்டிச் சேர்க்கும் கெட்டியான உருவங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். வளைத்தால் வளைந்து கொடுப்பவை பெரும்பாலும் பிவிசி. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் உலோக உருவங்களுக்கு ஏற்றதாக இருந்தாலும், பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும். முகத்தின் மூக்கும் கண்ணும் சில நிமிடங்களில் மழுங்கிப்போனால் அவற்றை மீட்க வழியே இல்லை.

கெட்டிப் பிளாஸ்டிக்கில் பூசிய அக்ரிலிக் பெயின்ட்டுக்கு என் முதல் தேர்வு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 99 சதவீதச் செறிவுள்ளது விரைவாக வேலை செய்யும். 70 சதவீதமும் செய்யும், ஆனால் கூடுதல் நேரம் பிடிக்கும். மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் உருவம் முழுகும்படி ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெயின்ட் ஊறிச் சுருங்கி, தொட்டாலே வழன்று வரும் பதத்தில் இருக்கும். பழைய மென்மையான பல்துலக்கியால் வட்டமாகத் தேய்த்தால் பரந்த பகுதிகள் சுத்தமாகிவிடும். கவச மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் தங்கியதை மரப் பல்குச்சியின் நுனியால் எடுக்கலாம். ஊசியைக் கொண்டு சுரண்டக் கூடாது, ஏனெனில் அதன் கீறல் புதிய பெயின்ட்டின் அடியிலும் தெரியும். ஆல்கஹாலின் பெரிய குறை அது எளிதில் தீப்பற்றும் என்பதே. ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியது என்பதால், காற்றோட்டமான இடமும் கையுறையும் கட்டாயம். அடுப்பும் விளக்குச் சுடரும் அருகில் இருக்கவே கூடாது.

சிம்பிள் கிரீன் போன்ற நீர் சார்ந்த துப்புரவுக் கரைசல்கள் இதற்கு நேர் எதிர். வாடை குறைவு, தீப்பற்றும் அச்சம் இல்லை, பிளாஸ்டிக்குக்கும் கேடில்லை. ஆனால் ஒரு நாளேனும் ஊற வேண்டும், பிரைமர் பிடிவாதமாக இருந்தால் மீண்டும் ஊறவைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டிலும் சன்னல் இல்லாத அறையிலும் நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன். நேரத்தைத் தவிர வேறெதையும் இதில் இழப்பதில்லை.

டெட்டால் கிருமிநாசினியைப் பலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு: தடித்த பல அடுக்குப் பூச்சையும் ஓரிரவில் இளக்கிவிடுகிறது. ஆனால் டெட்டாலில் ஊறிய பெயின்ட்டின் மேல் தண்ணீர் பட்டவுடன் அது தார்போன்ற பிசினாக மாறி, இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். முதல் முறை நான் நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோய், அந்தப் பிசினை எடுப்பதற்கே ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். தேய்ப்பதையும் அலசுவதையும் கலப்பில்லாத டெட்டாலிலேயே முடித்து, பெயின்ட் முழுவதும் போன பிறகே சோப்பும் தண்ணீரும் பட வேண்டும். வாடை நாட்கணக்கில் நீங்காது என்பதையும் சேர்த்து எண்ணினால், ஆல்கஹால் கிடைக்கும் இடத்தில் இதற்குத் தேவையில்லை.

பிரேக் ஆயிலும் பெயின்ட்டை உரிக்கும். ஆனால் அது நச்சு, தோலுக்குக் கேடு, சாக்கடையில் கொட்டவும் கூடாது. மற்ற மூன்றும் இருக்கையில் அதைத் தொட வேண்டியதே இல்லை.

களைந்த உருவத்தை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவ வேண்டும். கொதிநீரில் மெல்லிய ஈட்டிகளும் வாள்களும் வளைந்துவிடும். சூப்பர் குளூவால் ஒட்டிய கைகள் ஊறலில் கழன்றிருக்கக் கூடும், ஆனால் பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டியவை பொதுவாக அசையா, ஏனெனில் அது இரு துண்டுகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. மூலைகளில் லேசான நிறக்கறை மிஞ்சினால் கவலை வேண்டாம். விரலுக்குத் தடிப்புத் தட்டாதவரை பிரைமர் அதை மறைத்துவிடும்.

பிரைமரில், ஸ்பிரே மெல்லிய சீரான படலத்தைத் தருகிறது, ஆனால் ஈரப்பதம் மிகுந்த நாளில் மேற்பரப்பு சொரசொரத்துப் போகலாம். பிரஷ்ஷால் பூசும் பிரைமருக்கு வானிலை பொருட்டில்லை; தடித்துப் பூசினால் மட்டும் முக நுணுக்கங்கள் அடைபடும். வளையும் பிவிசி உருவத்துக்கு நான் பிரஷ்ஷையே எடுப்பேன், ஏனெனில் சில ஸ்பிரேக்கள் அதன்மேல் உலராமல் பிசுபிசுவென்றே நின்றுவிடுகின்றன. எதைப் பூசினாலும் ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, அடிப்பகுதியில் ஒரு துண்டுக் காகித நாடாவை அழுத்தி ஒட்டி உரித்துப் பாருங்கள். நாடா வெறுமையாக வந்தால், வண்ணக் கிண்ணத்தைத் திறக்கலாம்.