பழைய லெட்டரைத் திறந்து 'சேவ் ஆஸ்' போடும் பழக்கத்தை விட்டபின்: வேர்டு டெம்ப்ளேட் அனுபவம்

சென்னை மண்ணடியில், கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்டேஷன் வேலை எனக்கு. தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று இந்தப் பக்கம் எந்த மாடிப்படி ஏறினாலும் எங்களை மாதிரி ஒரு ஆபீஸ் இருக்கும். இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியும் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லும் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் ஆன்லைனாகப் போய்விட்டாலும் லெட்டர் வேலை மட்டும் குறையவே இல்லை. பார்ட்டி (சரக்குக்காரர்) கொடுக்கும் ஆத்தரைசேஷன், அமெண்ட்மென்ட் கேட்டு ஒன்று, கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் விழும் டிடென்ஷன் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி ஷிப்பிங் லைனுக்கு ஒன்று, டிரைவர் கையில் கொடுத்தனுப்ப தமிழில் ஒரு தாள், எல்லாமே வேர்டில்தான்.

இந்தத் தெருக்களில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். போன மாசத்து லெட்டரைத் திற, பேரை மாற்று, நம்பரை மாற்று, 'சேவ் ஆஸ்' போடு. இதில் இருக்கும் ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. கன்டெய்னர் நம்பர் ஒரே லெட்டரில் சப்ஜெக்ட் வரியில், நடுவில், கீழே டேபிளில் என்று பல இடத்தில் வரும். ஒரு இடம் விட்டுப்போனால் வேறொரு பார்ட்டியின் கன்டெய்னர் நம்பரோடு லெட்டர் வெளியே போகும். நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட அந்த நம்பரில் கடைசி எண் சரிபார்ப்புக்கென்றே வைத்தது, தப்பாக அடித்தால் பெரும்பாலும் அதை வைத்துப் பிடித்துவிடலாம். ஆனால் பழைய லெட்டரில் தங்கிப்போன நம்பர் தப்பான நம்பர் இல்லையே, அதுவும் ஒரு உண்மையான கன்டெய்னர். எந்தச் சரிபார்ப்பிலும் அது மாட்டாது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சேமித்து வைத்திருந்த ஒவ்வொரு ஃபைலிலும் லெட்டர்ஹெட்டில் நம்பர் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மொத்தத்தையும் டெம்ப்ளேட்டாக, அதாவது திறக்கும்போதெல்லாம் புது லெட்டரைத் தரும் அச்சு ஃபைலாக, மாற்ற ஆரம்பித்தேன், இன்றுவரை அதே முறைதான்.

டெம்ப்ளேட் என்றதும் நேராக .டாட்எக்ஸ் (.dotx) ஃபார்மட்டில் சேமித்து முடித்துவிடுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் லெட்டரைப் பிரின்ட் எடுத்து, பார்ட்டிக்குப் பார்ட்டி மாறுவதை மட்டும் பென்சிலால் சுழித்துக்கொள்ளுங்கள். நல்ல லெட்டரில் மாறுவது நான்கைந்து விஷயம்தான் இருக்கும், மீதி எல்லாம் ஒரே வாசகம். பழைய .டாக் ஃபைலாக இருந்தால் 'ஃபைல்', 'இன்ஃபோ' போய் 'கன்வெர்ட்' கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கன்டென்ட் கன்ட்ரோல், அதாவது மாறும் விவரத்தை நிரப்பும் பெட்டி, போடுவதற்கான பட்டன்கள் மங்கலாகவே கிடக்கும். அந்த பட்டன்கள் 'டெவலப்பர்' டேபில் இருக்கின்றன. அந்த டேப் முதலில் கண்ணில் படாது, 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'கஸ்டமைஸ் ரிப்பன்' போய் டிக் போட வேண்டும்.

இத்தனை வருஷத்தில் எனக்கு உண்மையிலேயே சோறு போட்ட வசதி எது என்று கேட்டால் 'இன்செர்ட்' டேபில் 'குயிக் பார்ட்ஸ்' உள்ளே இருக்கும் 'டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டி' என்பேன். அதில் 'சப்ஜெக்ட்', 'கம்பெனி', 'கேட்டகரி' என்று ஒரு பட்டியல் வரும். 'சப்ஜெக்ட்'டை எடுத்து கன்டெய்னர் நம்பர் வரும் எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள். ஒரு இடத்தில் அடித்தால் மற்ற எல்லா இடத்திலும் தானாக மாறிக்கொள்ளும், மேக்ரோ எதுவும் வேண்டாம். பெட்டியின் மேல் 'சப்ஜெக்ட்' என்று தெரிவது குழப்பமாக இருந்தால் டெவலப்பரில் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் டைட்டிலை 'கன்டெய்னர் நம்பர்' என்று மாற்றிக்கொள்ளலாம், இணைப்பு அறுந்துபோகாது. பார்ட்டி பெயருக்கு 'கம்பெனி' பொருத்தம். 'டைட்டில்' ப்ராப்பர்ட்டியை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள், பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பும்போது அதில் இருப்பது பெறுபவரின் பிரவுசர் டேபில் தலைப்பாக வந்து நிற்கும். டெம்ப்ளேட்டைச் சேமிக்கும் முன் இந்தப் பெட்டிகள் எல்லாம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். ஒரு பெயர் உள்ளே தங்கினால் இனிமேல் வரும் எல்லா லெட்டரும் அந்தப் பெயரோடுதான் பிறக்கும்.

இந்தப் பட்டியலில் இல்லாத விவரங்களுக்கு, அதாவது ஒரே இடத்தில் மட்டும் வருவதற்கு, 'பிளெயின் டெக்ஸ்ட்' கன்ட்ரோல் போதும். மெயிலிலிருந்து பார்ட்டி முகவரியை ஒட்டினால் அந்த மெயிலின் நீல எழுத்தும் வேறு ஃபான்ட்டும் சேர்ந்து வராது. முகவரி பல வரியில் வர 'அலவ் கேரேஜ் ரிட்டர்ன்ஸ்' டிக் செய்ய வேண்டும். இன்னொன்று, நிரப்பாத பெட்டியில் இருக்கும் சாம்பல் நிற வாசகம் அப்படியே பிரின்ட்டும் ஆகும். அதனால் 'பிளேஸ்ஹோல்டர் டெக்ஸ்ட்' ஸ்டைலைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன், கையெழுத்துக்குப் போகும் தாளில் சிவப்பு தெரிந்தால் யாராவது ஒருவர் நிறுத்திவிடுவார்.

தேதிக்கு 'டேட் அண்ட் டைம்' போட்டு 'அப்டேட் ஆட்டோமேட்டிக்லி' டிக் செய்வது வேண்டவே வேண்டாம். ஆறு மாசம் கழித்து ஒரு பிரச்சினைக்காக அந்த லெட்டரைத் திறந்தால் இன்றைய தேதியைக் காட்டும், எப்போது அனுப்பியது என்ற ஆதாரமே போச்சு. டேட் பிக்கர் கன்ட்ரோலில் தேர்ந்தெடுத்த தேதி அப்படியே நிற்கும்.

டிரைவர் தாள் தனிக்கதை. மாதவரம், மணலிப் பக்கத்து சிஎஃப்எஸ்ஸுக்கு (கன்டெய்னர் சரக்கு நிலையம்) போகிற வண்டிக்கு எந்த கேட், யாரைப் பார்க்க வேண்டும், என்ன பேப்பர் வாங்கி வர வேண்டும் என்று தமிழில் கொடுப்போம். பழையது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் இருந்தது. டெம்ப்ளேட் ஆக்கும் முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது, பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், வேறு கம்ப்யூட்டரில் ஃபான்ட் இல்லையென்றால் தாளே படிக்க வராது. யூனிகோடில் எல்லாரும் தடுமாறும் இடம் ஸ்டைல்: லத்தீன் எழுத்துக்கு ஒரு ஃபான்ட், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்பதற்கு ஒரு ஃபான்ட் என இரண்டு இடம் இருக்கிறது, தமிழ் இரண்டாவதில் சேரும். மேலே மட்டும் அளவை 14 ஆக்கிவிட்டு தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று எவ்வளவு தேடினாலும் விடை கிடைக்காது. நான் நிர்மலா யூஐ வைத்திருக்கிறேன், விண்டோஸ் 8-லிருந்து கூடவே வருவதால் எல்லா மெஷினிலும் இருக்கும்.

அப்புறம் ஆட்கள். டாட்எக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் புது லெட்டர் திறக்கும், ரைட் கிளிக்கில் 'ஓப்பன்' கொடுத்தால் டெம்ப்ளேட்டே திறந்துவிடும், அதில் அடித்துச் சேமித்தால் எல்லாருக்கும் பாழ். அதனால் நெட்வொர்க்கில் ஒரு ஃபோல்டர் வைத்து, மற்றவர்களுக்கு ரீட் ஒன்லி அனுமதி மட்டும் கொடுத்து, ஒவ்வொரு மெஷினிலும் 'அட்வான்ஸ்ட்', 'ஃபைல் லொகேஷன்ஸ்' உள்ளே 'வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ்' என்ற இடத்தில் அந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். 'நியூ' போனால் எல்லா லெட்டரும் வரிசையாக நிற்கும். லெட்டர்ஹெட் முகவரி மாறினால் டெம்ப்ளேட்டில் மட்டும் திருத்தினால் போதும். ஏற்கெனவே அனுப்பிய லெட்டர்களில் அது மாறாது, மாறவும் கூடாது.

லிப்ரேஆபீஸ் வைத்திருக்கும் தம்பிகளுக்கு என் யோசனை: வேர்டு டெம்ப்ளேட்டைத் திறந்து மல்லுக்கட்டாமல் .ஓடிடி (.ott) ஃபார்மட்டில் தனியாக ஒன்று செய்துவிடுங்கள். அங்கே 'யூசர் ஃபீல்ட்' கிட்டத்தட்ட 'டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டி' செய்யும் வேலையைச் செய்யும்.

சொந்த மெஷினில் மட்டும் டெம்ப்ளேட் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் ஃபார்மட் போடும் முன் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ரிச்சி ஸ்ட்ரீட் ஆளிடம் கட்டாயம் சொல்லுங்கள்: டாக்குமென்ட்ஸ் உள்ளே 'கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டர் வேண்டும், அதோடு ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் வழியாகப் போனால் வரும் 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரும் வேண்டும். இரண்டாவது மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கிறது, டெஸ்க்டாப்பையும் டி டிரைவையும் மட்டும் காப்பி எடுத்தால் அது வராது.