கையா காப்பகம்: ஒரு பிஎச்டி தலைப்பை எவ்வளவு தாங்கும்?

விண்மீன் இயற்பியலிலோ பால்வெளி ஆய்விலோ பிஎச்டி இடம் தேடுகிறவர், விண்ணப்பம் எழுதும் முன்பே திறந்து பார்க்க வேண்டியது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா (Gaia) காப்பகம்; விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவு இங்கே கிடைக்கும். கட்டணம் இல்லை, கணக்கு தொடங்காமலே தேடலாம். 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீட்டில் 180 கோடிக்கு மேற்பட்ட மூலங்கள் (பதிவான வான்பொருள்கள்), அவற்றில் சுமார் 146 கோடிக்கு இடமாறு கோணமும் (தூரத்தைக் கணிக்க உதவும் கோணம்) சொந்த இயக்கமும் (வானில் குறுக்காக நகரும் அளவு) உண்டு. ஆரத் திசைவேகம் (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) மட்டும் சுமார் 3.3 கோடிக்குத்தான். முப்பரிமாண வேகம் கேட்கும் தலைப்பு என்றால் இந்தப் பற்றாக்குறை முதல் நாளிலேயே இடிக்கும்.

பழகிப் பார்க்கக் கார்த்திகைக் கொத்து போதும். வல ஏற்றம் 56.75, நடுவரை விலக்கம் 24.12 பாகையை மையமாக வைத்து 2 பாகை ஆரத்தில் தேடி, சொந்த இயக்கத்தை வரைந்தால் பின்னணி விண்மீன்கள் சுழியத்தைச் சுற்றிக் குவியும். ஆண்டுக்கு 20, -45 மில்லி ஆர்க்செகண்ட் அருகே தனியாக ஒரு திட்டு நிற்கும், கொத்து அதுதான். அதன் இடமாறு கோணம் ஏறக்குறைய 7.4 மில்லி ஆர்க்செகண்ட், அதாவது 135 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). கையாவுக்கு முந்தைய விண்கலமான ஹிப்பார்கோஸ் 120 பார்செக் என்று சொல்லிக் கிளப்பிய பழைய சண்டை இங்கே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் பைத்தானில் ஆஸ்ட்ரோகொயரி (astroquery) என்ற நிரல் நூலகம் வழியாகச் சாதாரண முறையில் கேட்டால் 2000 வரிகளோடு நின்றுவிடும். பிழைச் செய்தி வராததால் முழுப் பட்டியல் என்றே தோன்றும். ஒத்திசையா (asynchronous) முறையில் கேளுங்கள். பெரிய தேடலுக்கு முன், மூலங்களுக்குச் சீரற்ற வரிசை எண் தரும் ரேண்டம் இண்டெக்ஸ் (random_index) நெடுவரிசையால் ஒரு சிறு மாதிரியை எடுத்து ஓட்டிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அதைவிட ஆபத்தானது தூரம். இடமாறு கோணத்தில் சராசரியாக -0.017 மில்லி ஆர்க்செகண்ட் முறைப்பிழை இருக்கிறது. கார்த்திகைக்கு அது பொருட்டே இல்லை. 5000 பார்செக்கில் உள்ள விண்மீனையோ 450 பார்செக்குக்கு மேல் தள்ளிக் காட்டிவிடும். திருத்தம் பிரகாசம், நிறம், வானில் உள்ள இடம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் என்பதால் ஒரே எண்ணைக் கூட்டிவிட்டு நகராதீர்கள். இடமாறு கோணத்தின் பிழை அதன் மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டினால் கோணத்தைத் தலைகீழாக்கித் தூரம் என்று எழுதுவதும் தவறு.

ரூவே (RUWE, ஒற்றை விண்மீன் என்று கொண்ட கணிப்பு அளவீடுகளோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண்) 1.4-க்கு மேல் இருப்பதை வெட்டுவது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்வது. இரட்டை விண்மீன்கள் பல அந்த வெட்டில்தான் போகும். ஆய்வே இரட்டைகளைப் பற்றியது என்றால் கதை முடிந்தது.

பலவீனமான பகுதி, குறைந்த பிரிதிறன் நிறமாலையிலிருந்து தானாகக் கணித்த உலோக அளவுகள். தூசியால் சிவந்ததா, இயல்பிலேயே குளிர்ந்ததா என்று பிரிப்பதில் அது தடுமாறும். வேதியியல் தேவைப்பட்டால் அபோஜி (APOGEE), காலா (GALAH) என்ற நிறமாலை அளவாய்வுகளின் தரவோடு இணையுங்கள்.

நான்காம் வெளியீடு 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்டுள்ளது: 34 மாதத் தரவு 66 ஆகும், தனித்தனி நேர அளவீடுகளும் வரும். எனவே, மூன்றாம் வெளியீட்டில் பிழையைச் சற்றே குறைப்பது மட்டும்தான் திட்டம் என்றால், அந்த இடத்தை ஏற்கும் முன் வழிகாட்டியிடம் இரண்டாம் ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுவிடுங்கள்.