ரிசாலின் நாவலுக்கு எந்தப் பிரதி? ஏற்காட்டிலிருந்து ஒரு மதிப்புரை

பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசாலின் ‘நோலி மெ தாங்ஹெரெ’ நாவலைப் படிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்து, சென்ற மழைக்காலத்தில்தான் ஓர் ஆங்கிலப் பிரதியை இணையத்தில் 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கேட்டால் மட்டும் அச்சிட்டு அனுப்பும் வகையைச் சேர்ந்த பிரதி அது. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மலைக்கு வரும் பொட்டலங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. உள்ளே இருந்த குறைகள்தான் என்னை எழுத வைத்தன. அவற்றைச் சொல்லும்போது நாவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸ் மக்கள் தங்களை யார் என்று சொல்லிக்கொண்ட கதை இது. அதை யாருடைய மொழியில், எந்தக் காலத்து மொழிபெயர்ப்பில் வாங்குகிறோம் என்பதும் அந்தக் கதையில்தான் சேரும்.

முதலில் அச்சு. ஸ்பானிய மொழியில் ‘ன’வுக்குரிய எழுத்தின் தலையில் ஒரு சுழி போட்டு ‘ஞ’ ஆக்குவார்கள். அச்சிட்டவர்களின் கணினிக்கு அந்த எழுத்து பிடிபடவில்லை போலும். அது வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு வெற்றுக் கட்டம் நிற்கிறது. நாவலில் தோஞா விக்தோரினா என்றொரு பெண்மணி வருகிறார். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, ஐரோப்பிய உடை உடுத்தி, தன்னை ஸ்பானியப் பெண்ணாகவே காட்டிக்கொள்பவர். அவருடைய பெயரிலேயே ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டு முதலில் சிரிப்பு வந்தது. நாற்பதாவது கட்டத்துக்குப் பிறகு வரவில்லை. பேனாவை எடுத்து நானே சுழி போடத் தொடங்கினேன். அடிக்குறிப்புகளின் நிலை இன்னும் மோசம். பக்கத்தின் அடியில் நிற்க வேண்டியவை பத்திகளுக்கு நடுவே வந்து விழுந்திருப்பதால், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் விளக்கம் ஒன்று குறுக்கே பாய்கிறது. எழுத்தும் பொடி எழுத்து. கண் மருத்துவராக இருந்த ஒருவர் எழுதிய புத்தகத்தை இப்படி அச்சிடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சேதமில்லாமல் தப்பியிருப்பது கடைசியில் உள்ள சொல்லடைவு. அதில் ‘பூயோ’ என்ற சொல்லுக்கு, சுண்ணாம்பு சேர்த்து வெற்றிலையில் பாக்குத் துண்டை மடித்தது என்ற பொருளில் நீளமாக விளக்கம் எழுதியிருக்கிறார் மொழிபெயர்ப்பாளர். நம்மூரில் ஒரே சொல்லில் முடிகிற விஷயம். இந்த நூலுக்கு நாம் எவ்வளவு பக்கத்து வாசகர்கள், அந்த மொழிபெயர்ப்பாளர் மனத்தில் வைத்திருந்த வாசகர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதை அந்த ஒரு பதிவே காட்டிவிடுகிறது.

ரிசால் 1861இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில், லகூனா மாகாணத்தின் கலாம்பாவில் பிறந்தவர். நாவலை ஸ்பானிய மொழியில் எழுதி, 1887இல் பெர்லினில் 2,000 பிரதிகள் அச்சிட்டார். கையில் காசில்லாத நிலையில் மாக்சிமோ வியோலா என்ற நண்பர் கொடுத்த 300 பெசோவில்தான் அது அச்சேறியது. மணிலாவின் தணிக்கைக் குழு நூலைத் தடை செய்யச் சொன்னது. பிரதிகள் மறைவாகவே கைமாறின. 1896 டிசம்பர் 30 அன்று, 35 வயதில், ரிசால் ஸ்பானிய ஆட்சியால் மணிலாவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கதையின் மையம் இபாரா என்ற இளைஞன். ஏழு ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். அவன் தந்தை சிறையில் இறந்துபோனதும், புதைத்த உடலைப் பாதிரியார் தாமாசோவின் கட்டளையால் தோண்டியெடுத்துச் சீனர்களின் இடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதும், மழையில் சுமக்க மாட்டாமல் அதை ஏரியில் வீசிவிட்டதும் அவனுக்கு ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. காலனி ஆட்சியின் கொடுமை என்றால் துப்பாக்கியும் சாட்டையும் நினைவுக்கு வரும். ரிசால் அதைச் சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்குகிறார். இபாராவை வரவேற்கத் தியாகோ என்ற செல்வர் வீட்டில் விருந்து. தினோலா என்ற கோழிக் குழம்பு பரிமாறப்படுகிறது. இபாராவின் தட்டில் ஈரலும் நல்ல துண்டுகளும் விழுகின்றன. பாதிரியாருக்கு வாய்த்ததோ சுரைக்காய்த் துண்டுகளுக்கிடையே ஒரு கழுத்தும் ஓர் எலும்பு இறக்கையும். அவர் காயை நசுக்கி, ரசத்தைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு, கரண்டியைச் சத்தமாகப் போட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் ‘நாட்டான்’ ஒருவன் தட்டில் ஈரல் விழுவதை அந்த ஆட்சியால் பொறுக்க முடியாது என்பதை அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் தாத்தா இங்கே ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். துரை பங்களாவின் எந்தப் படி வரை யார் ஏறலாம் என்பதைச் சாகும்வரை மனப்பாடமாக வைத்திருந்தார். இந்தக் காட்சியை அவர் விளக்கமே இல்லாமல் புரிந்துகொண்டிருப்பார்.

நாவலின் உச்சம் எனக்கு இபாரா அல்ல, சிசா. அவளுடைய இரண்டு மகன்களும் கோயில் மணி அடிக்கும் சிறுவர்கள். இளையவன் கிறிஸ்பின்மீது இரண்டு பொற்காசு திருடியதாகப் பழி விழுகிறது. அது எவ்வளவு என்று அண்ணன் பசிலியோவிடம் கேட்கிறான். முப்பத்திரண்டு பெசோ என்றதும் விரல் விட்டு எண்ணுகிறான், ஆறு கையும் இரண்டு விரலும் என்று. மாதத்துக்கு இரண்டு பெசோ வாங்குகிற பிள்ளை அவன். அதே இரவில் வீட்டில் தாய் கருவாடும், தன் தோட்டத்துத் தக்காளியும், அக்கம்பக்கத்தார் கொடுத்த காட்டுப்பன்றி இறைச்சியும், வாத்துக் காலும் சேர்த்துப் பிள்ளைகளுக்காக எடுத்து வைத்திருக்கிறாள். சூதாடிக் கணவன் வந்து அனைத்தையும் தின்றுவிட்டுப் போகிறான். மிச்சமிருக்கும் மூன்று கருவாட்டைத் தணலில் போடுவதற்கு அவள் மறுபடியும் அடுப்பின் முன் உட்காருகிறாள்.

இந்த அத்தியாயத்தை என் அம்மாவுக்கு வாய்மொழியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“அவனுக்கு ஏன்டா கண்ணு அவ சோறு போட்டா?” என்றார்.

“புருசன் வந்து கேட்டா என்னம்மா பண்ணுவா?”

“மூடி வச்சிருக்கணும். பசங்க சோத்த மூடி வைக்கத் தெரியாதா ஒருத்திக்கு?” என்று சிசாவின்மேல் கோபப்பட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, “சின்னவன் வந்தானா?” என்று கேட்டார். அவன் வரவில்லை. அவன் உடலைக்கூட நாவல் நமக்குக் காட்டுவதில்லை.

பின்னால் சிசாவைச் சிவில் காவலர்கள் ஊர் நடுவே நடத்திக் கூட்டிச் செல்கிறார்கள். இது கற்பனையில் பிறந்த காட்சி மட்டும் அன்று. ரிசாலின் தாய் தெயோதோரா அலோன்சோவைப் பொய்க் குற்றம் சாட்டிக் கலாம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். இரண்டரை ஆண்டுகள் சிறையிலும் வைத்திருந்தார்கள். அப்போது ரிசால் சிறுவன்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். எனக்கு வந்தது சார்லஸ் டெர்பிஷயர் 1912இல் மணிலாவிலிருந்து வெளியிட்ட பழைய ஆக்கம். காப்புரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். அவர் நூலுக்குச் ‘சமூகப் புற்று’ என்று பெயர் மாற்றினார். ரிசால் தம் தாய்நாட்டுக்கு எழுதிய முன்னுரையில், தொட்டாலே வலிக்கும் ஒரு புற்றைப் பற்றிப் பேசுவது உண்மைதான். பழங்காலத்தார் நோயாளியைக் கோயில் படிகளில் கிடத்தி, கும்பிட வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லக் காத்திருந்தது போல உன்னையும் கிடத்துகிறேன் என்கிறார் அவர். ஆனால் அவர் வைத்த தலைப்பு, ‘என்னைத் தொடாதே’ என்று பொருள்படும் யோவான் நற்செய்தியின் லத்தீன் தொடர். நோயாளியே பேசும் குரல் அது. டெர்பிஷயரின் தலைப்பில் பேசுகிறவர் கட்டிலுக்கு வெளியே நிற்கும் மருத்துவர்.

அந்த மருத்துவர் 1912இல் யார் என்பதை மறக்க முடியாது. 1898இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் இரண்டு கோடி டாலர் பெற்றுக்கொண்டு பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டது. விடுதலை அறிவித்திருந்த மக்களோடு அமெரிக்கா அடுத்த ஆண்டே போரிட்டது. 1901இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்று மொழியாயிற்று. ஸ்பானியப் பாதிரிகளின் கொடுமையைச் சொல்லும் ஒரு கதை அமெரிக்க ஆட்சிக்கு இடைஞ்சலாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். டெர்பிஷயர் கதையை வெட்டிச் சுருக்கவில்லை, முழுமையாகவே தந்திருக்கிறார். அந்த நேர்மையை மறுக்க மாட்டேன். அவருடைய நடையில் விக்டோரியக் காலத்துக் கஞ்சிப்பசை கொஞ்சம் அதிகம். தியாகோ வீட்டு விருந்தில் ரிசால் குத்திக் குத்திச் சிரிக்கும் இடங்கள் அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன.

இந்த மொழிச் சிக்கலை ரிசால் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் பாதிரியாருக்கு ஸ்பானிய மொழியில் வணக்கம் சொல்லும்போது, இரவல் துணியைக் கட்டிக்கொண்டு என்னிடம் வராதே, உன் மொழியோடு நிறுத்திக்கொள், ஸ்பானியம் உனக்கானதில்லை என்ற பொருளில் அவர் பழிக்கிறார். ஆட்சி மொழியைக் கற்கவிடாமல் தடுத்ததே ஆட்சியின் ஒரு கருவியாக இருந்தது. அதனால் ரிசால் எழுதிய ஸ்பானிய நூலை அவருடைய மக்களில் மிகச் சிலராலேயே படிக்க முடிந்தது. அடுத்து வந்த ஆட்சி ஆங்கிலத்தைக் கொடுத்தது. அவர்கள் தங்கள் தேசிய நாவலை ஆங்கிலத்திலோ, தங்கள் நாட்டு மொழியான தகாலோக்கின் மொழிபெயர்ப்பிலோ படிக்கும்படி ஆயிற்று. நாவலில் தாசியோ என்ற முதியவர், இன்றைய தலைமுறைக்கு எட்டக்கூடாது என்று சித்திர எழுத்துகளில் எழுதிக்கொண்டிருக்கிறார். எந்த மொழியில் என்று கேட்டால், நம் மொழியில், தகாலோக்கில் என்கிறார். ஸ்பானிய நாவலுக்குள் ஒளித்துவைத்த இந்த ஒரு பதிலுக்காகவே நூலை வாங்கலாம்.

‘பிலிப்பினோ’ என்ற பெயரும் அப்படி இடம் மாறி வந்ததுதான். முதலில் அது தீவுகளில் பிறந்த ஸ்பானியர்களைக் குறித்தது. மண்ணின் மக்களுக்குக் கிடைத்த பெயர் ‘இந்தியோ’. கொலம்பஸ் இந்தியாவை எட்டிவிட்டதாகத் தவறாக நினைத்ததன் மிச்சம் மணிலா வரை போய் வசைச் சொல்லாக நின்றிருக்கிறது. நமக்கும் அந்த நாட்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1762இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை மதராசிலிருந்துதான் கப்பல் ஏறியது. அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகே கைந்தாவில் குடியேறினார்கள்.

அச்சுக் குறைகளால் அலுத்து, சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் வசிக்கும் நண்பரிடமிருந்து ஹெரால்டு ஆகன்பிரௌம் 2006இல் பெங்குயின் செவ்வியல் வரிசைக்காகச் செய்த மொழிபெயர்ப்பை இரவல் வாங்கி வந்தேன். இரண்டையும் ஒரு வாரம் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். இதில் எழுத்து கண்ணை உறுத்தவில்லை, சுழிகள் தலையில் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிண்டல் கிண்டலாகவே இருக்கிறது. குறிப்புகள் நூலின் கடைசியில் இருப்பதால் பக்க அடையாளத்துக்கு இரண்டு பேருந்துச் சீட்டுகள் தேவைப்பட்டன. முன்னுரையைக் கதைக்குப் பின் படிக்குமாறு சொல்வேன்; கதை முழுவதையும் முன்கூட்டியே அவிழ்த்துவிடும் பழக்கம் செவ்வியல் வரிசை முன்னுரைகளுக்கு உண்டு.

இரண்டு பிரதிகளையும் வைத்து ஒப்பிடும்போது, இபாரா மணிலாவின் தாவரவியல் தோட்டத்தைக் கடந்து போகும் இடம் அடிக்கடி நினைவில் வந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் ஐரோப்பியத் தோட்டங்களை அவன் கண்முன் நிறுத்துகிறது ஒப்பீடு என்னும் பேய். அன்றிலிருந்து சொந்த ஊரைச் சொந்த ஊராக மட்டும் பார்க்க அவனால் முடிவதில்லை. நாவலைப் படித்த பிறகு எனக்கும் அந்தப் பேய் பிடித்திருக்கிறது. இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னை ‘ஏற்காட்டின் தந்தை’ என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிறோம். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே சேர்வராயன் கோயிலில் கும்பிட்டுவரும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் அந்தக் குடும்பக் கணக்கில் எங்கே வருகிறார்கள் என்று இதற்கு முன் நான் கேட்டதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: 350 ரூபாய்ப் பிரதியை வாங்காதீர்கள். அதே டெர்பிஷயர் மொழிபெயர்ப்பு குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அங்கே சுழிகளும் ஒழுங்காக இருக்கின்றன. காசு கொடுப்பதென்றால் 2006ஆம் ஆண்டு ஆக்கத்துக்குக் கொடுங்கள். இதன் தொடர்ச்சியாக ரிசால் 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வெளியிட்ட ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’வையும் ஆகன்பிரௌமே மொழிபெயர்த்திருக்கிறார், சேர்த்து வாங்கினால் நல்லது, இபாரா என்ன ஆனான் என்பது அதில்தான் தெரியும். பிலிப்பைன்ஸில் இந்த இரண்டு நாவல்களையும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று 1956இல் சட்டமே போட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்ததால், மதக் காரணம் காட்டி உறுதிமொழி கொடுப்பவர்களுக்கு விலக்கு அளிக்கவும் அச்சட்டத்தில் வழி வைத்தார்கள். வெளிவந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தொட்டால் வலித்திருக்கிறது.

விற்றவர்கள் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்றார்கள். பேனாவால் சுழி போட்ட பிரதியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அது என்னிடமே இருக்கிறது. நண்பருடைய பிரதியை அடுத்த வாரம் சேலத்துக்கு இறங்கும்போது கொடுத்துவிட வேண்டும். அதற்குள் படகோட்டி எலியாஸின் கதையை அம்மாவுக்குச் சொல்லி முடித்தாக வேண்டும். நேற்று இரவு பாதியில் நிறுத்தியதற்கே காலையில் காபி தாமதமாகத்தான் வந்தது.