மழைக்கணக்கும் பைப்புழுக் கணக்கும்: எந்தக் களஞ்சியத்தில் போடுவது?

மலேசியாவின் பேராவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) எழுதிவைத்த இருபது வருட மழைப் புத்தகம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே, உலாட் புங்குஸ் என்று எல்லோரும் சொல்லும் பைப்புழுவைச் செம்பனை ஓலையில் எண்ணிப் பதிந்த எக்செல் கோப்பு. இரண்டையும் சேர்த்துக் கட்டுரை எழுதினால் தரவை எங்கே வைப்பது? (களஞ்சியம் என்பது ஆய்வுத் தரவைச் சேமித்துப் பகிரும் இணையதளம்.)

"கேட்டால் தருகிறோம்" என்று ஒரு வரி எழுதித் தப்பிப்பது முதல் வழி. அதை இப்போதே தள்ளிவிடலாம். 2014-இல் வந்த ஓர் ஆய்வு, 2 முதல் 22 வருடம் பழைய 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப் பார்த்தது. தரவு இன்னும் கையில் இருக்கும் வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் சரிந்திருந்தது. மடிக்கணினி கெடும், மின்னஞ்சல் முகவரி மாறும், கிராணி ஓய்வு பெற்றுப் போவார். பிளோஸ் குழும ஆய்விதழ்கள் அந்த 2014-லிருந்தே இந்த வரியை ஏற்பதில்லை.

அடுத்தது செனோடோ. செர்ன் (ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம்) 2013-லிருந்து நடத்துகிறது, காசு இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை. தோட்டத்துக் கணக்குக்கு 5 எம்பி போதும் என்பதால் இடம் பிரச்சினையே இல்லை. வரைவாக இருக்கும்போதே டி.ஓ.ஐ. எண்ணை (தரவுக்கான நிலையான இணைய அடையாள எண்) ஒதுக்கி வாங்கலாம். கட்டுரையிலும் தரவோடு வைக்கும் விளக்கக் கோப்பிலும் அதைப் போட்டுவிட்டுப் பிறகு வெளியிடலாம். திருத்தம் வந்தால் புதிய பதிப்பு, அதற்குத் தனி எண். எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக இன்னோர் எண். பழக வேண்டுமானால் சோதனைத் தளமும் உண்டு. பெரிய குறை ஒன்று: கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. குப்பையைப் போட்டாலும் டி.ஓ.ஐ. கிடைக்கும்.

டிரையட் என்ற களஞ்சியத்தில் கோப்பை ஆள் திறந்து பார்க்கிறார். கோப்பு திறக்கிறதா, விளக்கக் கோப்பு இருக்கிறதா, தனிநபர் விவரம் கசிகிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. இதழோ பல்கலைக்கழகமோ ஏற்காவிட்டால் டாலரில் நாமே கட்ட வேண்டும். இன்னொரு சிக்கல், அங்கே சி.சி. 0 (கிரியேட்டிவ் காமன்ஸ் 0) உரிமம் மட்டும்தான். மழைப் புத்தகம் தோட்டத்தின் சொத்து. மேனேஜர் "எங்கள் பெயர் போட வேண்டும்" என்று எழுத்தில் நிபந்தனை வைத்தால், உரிமையை முழுதாக விட்டுக்கொடுக்கும் சி.சி. 0 அதற்கு ஒத்துவராது. செனோடோவில், பெயரைக் குறிப்பிடச் சொல்லும் சி.சி. பை உரிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஓ.எஸ்.எஃப். (ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் தளம்) வேலை நடக்கும்போது வசதியான இடம்: வெளியே காட்டாத திட்டத்துக்கு 5 ஜிபி, பொதுத் திட்டத்துக்கு 50 ஜிபி. ஆனால் அங்கே கோப்பு மாறிக்கொண்டே இருக்கலாம். பதிவுசெய்து உறையவைக்காமல் மேற்கோள் காட்டினால், படிப்பவர் பார்ப்பது நீங்கள் கணக்குப் போட்ட கோப்பாக இருக்காது. ஃபிக்‌ஷேர் என்ற களஞ்சியத்தில் இலவசக் கணக்கு 20 ஜிபி, இதுவும் போதும்.

மதிப்பாய்வில்தான் வித்தியாசம் தெரியும். எழுதியவர் பெயரை மறைக்கும் இதழுக்கு அனுப்பும்போது ஓ.எஸ்.எஃப். பார்வை இணைப்பிலும் ஃபிக்‌ஷேர் தனி இணைப்பிலும் பெயரை மறைக்கலாம். செனோடோ இணைப்பில் பெயர் தெரிந்துவிடும். டிரையட்டில் மதிப்பாய்வு முடியும்வரை பொதுவில் காட்டாமல் வைக்கலாம்.

இனி, எந்தக் களஞ்சியமும் காப்பாற்றாத இடம். ஞாயிறன்று ஆபீஸ் பூட்டு. திங்கள் காலை அளவுகோலில் 62 மி.மீ. இருந்தால் அது இரண்டு நாள் மழை. தினசரிக் கணக்காக ஏற்றினால் வாராவாரம் திங்களன்று பொய்யான கனமழை பெய்யும். பைப்புழு குறைந்ததற்கும் அந்த மழையே காரணம் என்று கட்டுரை சொல்லும். "எத்தனை நாள் சேர்ந்தது" என்று தனி நெடுவரிசை போடுங்கள். வெற்றுக் கட்டம் வேறு, 0 வேறு: ஒன்று அளக்கவில்லை, மற்றது பெய்யவில்லை. பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருந்தால் 25.4-ஆல் பெருக்கி, மூல அளவையும் பக்கத்திலேயே விடுங்கள். தேதியை 1998-04-03 என்று எழுதுங்கள். 03/04 என்றால் எக்செல் அமெரிக்க முறையில் மார்ச் ஆக்கிவிடும். தமிழ்க் குறிப்புகள் இருந்தால் எக்செல்லில் "சி.எஸ்.வி. யு.டி.எஃப்.-8" என்ற கோப்பு வகையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திறப்பவருக்குக் கிறுக்கலாகத் தெரியும்.

விளக்கக் கோப்பு இல்லாவிட்டால் டிரையட் ஆள் சொல்வார். திங்கள்கிழமைக் கதை அவருக்குத் தெரியாது. மதிப்பாய்வாளரும் தரவைத் திறந்தால்தான் பிடிப்பார். லான்செட் மருத்துவ இதழில் 2020 மே 22-இல் வந்த, கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து தருவது பற்றிய கட்டுரை ஜூன் 4-இல் திரும்பப் பெறப்பட்டது. மூலத் தரவைச் சரிபார்க்க வழியே இருக்கவில்லை.

பால்வெட்டுத் தொழிலாளர்களின் உடல்நலக் கணக்கும் சேர்ந்தால் பெயரை அழிப்பது மட்டும் போதாது. ஐ.சி. (மலேசிய அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராவுக்கு 08), கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரியும். நாற்பது பேர் இருக்கும் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) இவ்வளவு போதும், யாரென்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஐ.சி. எண் நெடுவரிசையை முழுதாக நீக்கி, வயதைப் பத்தாண்டுத் தொகுதிகளாக்குங்கள்.

நம்ம ஊர் அளவுக்கு: வேலை நடக்கையில் ஓ.எஸ்.எஃப்., முடிந்ததும் செனோடோ. இதழே டிரையட் கட்டணத்தைக் கட்டி, தோட்டமும் சி.சி. 0-க்குக் கையெழுத்துப் போட்டால் மட்டும் அங்கே போங்கள்.