இ-எஸ்சிஆர்: காசு கட்டாம தீர்ப்பு படிக்கலாம், சீல் கவர்ல என்ன இருந்துச்சுன்னும் பாக்கலாம்

நான் வக்கீல் இல்லைங்க, கோர்ட் பக்கத்துல டைப்பிங், ஜெராக்ஸ் கடை. "தம்பி, அந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒரு காப்பி எடுத்துக் குடுப்பா"ன்னு யாராவது வந்து நின்னா, முன்னாடியெல்லாம் தெரிஞ்ச வக்கீல் ஆபீஸ்ல போய் அவங்க சந்தா கட்டி வச்சிருக்கறதுல இருந்து கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கியாரணும். 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே இ-எஸ்சிஆர்னு தீர்ப்புங்களத் தேடிப் படிக்க ஒரு இணைய வசதி திறந்து விட்டாங்க, அப்ப சந்திரசூட் தலைமை நீதிபதி, எடுத்த எடுப்புலயே 34,000 தீர்ப்பு கிட்ட, 1950ல இருந்து, நயா பைசா கிடையாது.

ஹோட்டலுக்குப் போனா சிலர் சாம்பார மட்டும் ருசி பாத்து முடிவு பண்ணிடுவாங்கல்ல, அந்த மாதிரி நான் தேசப் பாதுகாப்பு கேஸா தேடிப் பாத்துதான் மார்க் போடுவேன். ஏன்னா அரசாங்கம் "இது ரகசியம், கேக்காதீங்க"ன்னு சொன்ன கேஸ்ல கோர்ட் என்ன காரணம் எழுதிருக்குன்னு பாக்கறதுல இருக்க சுவாரஸ்யமே தனி.

முதல்ல ரஃபேல், பிரான்ஸ்கிட்ட போர் விமானம் வாங்குனத விசாரிக்கச் சொல்லிப் போட்ட கேஸ். 2018 டிசம்பர் 14 தீர்ப்பு. விலை விவரத்த அரசு சீல் வச்ச கவர்ல குடுத்துச்சு, எதிர்த்தரப்புக்குக் காட்டல. தீர்ப்புல என்ன வந்துச்சுன்னா, சிஏஜி (அரசுக் கணக்கத் தணிக்கை பண்றவங்க) ரிப்போர்ட்ட நாடாளுமன்றத்தோட பொதுக் கணக்குக் குழு பாத்தாச்சுன்னு. ஆனா அப்ப சிஏஜி ரிப்போர்ட்டே வெளிய வரல! மறுநாளே அரசு ஓடி வந்து, நாங்க வழக்கமான நடைமுறையச் சொன்னோம், நடந்து முடிஞ்சதா படிச்சுட்டீங்க, திருத்துங்கன்னு மனு போட்டாங்க. எதிர்த்தரப்பு கண்ணுல அந்தக் காகிதம் பட்டிருந்தா அந்தத் தப்பு அன்னிக்கே மாட்டிருக்கும். நான் டைப் பண்ற பத்திரத்தையே ரெண்டு தரப்பும் படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுறாங்க.

அதே கேஸ்ல, தீர்ப்ப மறுபடி பாக்கச் சொல்லிப் போட்ட சீராய்வு மனுவுல வந்த 2019 ஏப்ரல் 10 உத்தரவும் இருக்கு, அத விட்டுடாதீங்க. நம்ம சென்னை ஹிந்து பேப்பர் பாதுகாப்புத் துறை ஆவணங்கள வெளியிட்டுச்சு, அரசு தரப்பு திருடுனதுன்னு சொன்னாங்க, அப்புறம் போட்டோகாப்பின்னாங்க, 1923 ரகசியச் சட்டத்தக் காட்டி கோர்ட் அதப் பாக்கக் கூடாதுன்னாங்க. ஊரே படிச்சு முடிச்சத கோர்ட் மட்டும் படிக்கக் கூடாதான்னு மூணு நீதிபதிகளும் அந்த ஆட்சேபணைய தள்ளிட்டாங்க. என்ன, கடைசில அந்த வருஷம் நவம்பர்ல சீராய்வு மனுவும் தள்ளுபடி ஆயிடுச்சு, அது வேற கதை.

இப்ப ஐட்டத்துக்கு வருவோம், மீடியாஒன் கேஸ், 2023 ஏப்ரல் 5, சந்திரசூட், ஹிமா கோலி. கேரளா சேனல், உள்துறை செக்யூரிட்டி கிளியரன்ஸ் தரலன்னு 2022 ஜனவரி 31ல லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க, காரணம் கேட்டா தேசப் பாதுகாப்பு. கேரள ஹைகோர்ட்ல கவரக் குடுத்தாங்க, நீதிபதிங்க மட்டும் படிச்சாங்க, சேனல் தோத்துச்சு, ரெண்டு தடவ. தன் மேல என்ன குத்தம்னே தெரியாம ஒருத்தன் எப்படிங்க பதில் சொல்லுவான்?

130 பக்கத்துக்கு மேல இருக்கு, பயப்படாதீங்க, ஃபைல்ல என்ன இருந்துச்சுன்னு வர்ற பகுதிக்கு நேரா போங்க. பெரிய உளவு சமாச்சாரம் இருக்கும்னு நெனச்சுதான் நானும் போனேன். உள்ள பாத்தா குடியுரிமைச் சட்டம், என்ஆர்சி (தேசிய குடிமக்கள் பதிவேடு), யுஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கை தடுப்புச் சட்டம்) பத்தி சேனல்ல வந்த செய்திங்க, பாதுகாப்புப் படையையும் நீதித்துறையையும் தப்பா காட்டுறாங்கன்னு குறிப்பு, ஜமாத்-இ-இஸ்லாமி ஹிந்த்ங்கற இஸ்லாமிய அமைப்போட தொடர்புன்னு ஒரு புகார். டிவில ஊருக்கே ஓடுன செய்திக்கு எதுக்கு சீல்? அரசை விமர்சிக்கறத வச்சு லைசென்ஸ மறுக்க முடியாது, அந்த அமைப்பு தடை செஞ்ச அமைப்பும் இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு, தேசப் பாதுகாப்புன்னு வெறும் காத்துல இருந்து கத கட்ட முடியாதுங்கற மாதிரி ஒரு வரியும் இருக்கு. நாலு வாரத்துல புதுப்பிச்சுக் குடுக்கச் சொன்னாங்க. இனிமே நிஜமாவே ரகசியம்னா என்ன வழின்னும் எழுதிருக்காங்க: அந்த ஆவணத்த கேஸ்ல இருந்தே எடுத்துடணும், எடுத்ததுக்கு அப்புறம் அரசும் அத நம்பி வாதாடக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்காக ஒரு வக்கீல கோர்ட்டே வச்சுக்கலாம்.

இதோட எக்ஸ் ஆர்மிமென் கேஸையும் சேத்துப் படிங்க, 2014, அந்தப் பேர்ல இருந்த கம்பெனிக்கு ஏர்போர்ட் வேலைக்கான கிளியரன்ஸ ரத்து பண்ணது, அதுல கோர்ட் அரசு பக்கம். ஒன்பது வருஷத்துல காத்து எப்படித் திரும்பிருக்குன்னு தெரியும்.

கொற? ரிப்போர்ட்டபிள்னு, அதாவது தீர்ப்புத் தொகுப்புல போடத் தகுந்ததுன்னு குறிச்ச தீர்ப்புதான் இதுல வரும், தினசரி ஆர்டருக்கு சுப்ரீம் கோர்ட் மெயின் சைட்டுக்குத்தான் போகணும். தமிழ் மொழிபெயர்ப்பு கொஞ்சத்துக்குத்தான் இருக்கு, அதுலயும் இங்கிலீஷ்தான் அதிகாரப்பூர்வம்னு போட்டிருக்கும், அதனால மனுவுல சேக்கறதுன்னா இங்கிலீஷையே எடுங்க. தேடும்போது கட்சிக்காரர் பேர விட வருஷமும் நீதிபதி பேரும் போட்டா சீக்கிரம் சிக்கும், மீடியாஒன்னுன்னு தேடாதீங்க, கம்பெனி பேரு மாத்யமம் பிராட்காஸ்டிங்.

அஞ்சுக்கு நாலு. பிரிண்ட் வேணும்னா கடைக்கு வாங்க, பக்கம் ரெண்டு ரூவா.